ராக், ஸ்கா, சோல்: கவர் பாட்டுகளை ஜோடியாக அனுப்பும் முறை

இருபது இணைப்புகளை ஒரே மூச்சில் வாட்ஸாப்பில் அனுப்பி, "எல்லாமே அருமை, கேட்டுப் பாருங்கள்" என்று எழுதினால், பெறுபவர் முதல் பாட்டையாவது முழுதாகக் கேட்பார் என்பது நிச்சயமில்லை. ராக், ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசையான ஸ்கா, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான சோல் ஆகிய மூன்றும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டே வளர்ந்தவை என்பதால், இவற்றை ஜோடியாக அனுப்புவதே பலன் தரும். முதலில் பதிவான பாட்டு ஒன்று, அதை வேறொருவர் பாடிய கவர் ஒன்று, இரண்டிலும் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி, இவ்வளவே போதும்.

ஜோடியில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தால் அதை அனுப்ப வேண்டியதில்லை. கவர் பாடியவர் எதையாவது மாற்றியிருக்க வேண்டும்; அந்த மாற்றம் இன்ன இடத்தில் வருகிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு 1965-இல் வெளியிட்ட 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் கரகரத்து வரும் கிதார் வரியை, பின்னால் ஊதுகருவிகள் வாசிப்பதற்கான மாதிரியாகவே குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் நினைத்திருந்தார். ஆனால் அந்த மாதிரியே வெளிவந்து உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் அந்தப் பாட்டைப் பாடியபோது, அந்த வரியை ஊதுகருவிகளே வாங்கிக்கொண்டன. இசையமைத்தவர் முதலில் நினைத்தது கவரில்தான் நிறைவேறியது என்று சொல்லி அனுப்பினால், சோல் இசையே கேட்டிராத ராக் ரசிகரும் இரண்டையும் திறந்து பார்ப்பார்.

ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965-இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டையும், 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் பாடியதையும் அனுப்பும்போது, அரீதாவின் பதிவில் நடுவே வரும் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனைக் குறிப்பிடுங்கள். ஓட்டிஸின் பதிவில் அந்தப் பகுதியே கிடையாது. தலைப்புச் சொல்லை அரீதா எழுத்தெழுத்தாக உச்சரிப்பதை எல்லோரும் அறிந்திருப்பதால் அதைச் சொல்லத் தேவையில்லை.

மூலத்தை முதலில் கேட்க வைக்க வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெறுபவரின் காதுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதுவே முன்னால் போக வேண்டும். ராக் கேட்டுப் பழகியவருக்கு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர ஸ்கா குழுவான தி ஸ்பெஷல்ஸ் 1979-இல் பாடிய 'எ மெசேஜ் டு யூ ரூடி'யை முதலில் அனுப்பி, அதன் பிறகு டேண்டி லிவிங்ஸ்டன் 1967-இல் பாடிய மூலத்தை அனுப்புங்கள். இரண்டிலும் டிராம்போன் வாசித்தவர் ரீக்கோ ரோட்ரிகஸ் என்ற ஒரே கலைஞர்தான் என்பதை இரண்டாவது இணைப்போடு மட்டும் எழுதுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வியப்பு வீணாகிவிடும்.

ஒவ்வொரு இணைப்போடும் பாடியவர், எழுதியவர், ஆண்டு, லேபிள் (இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம்) ஆகிய நான்கையும் தர வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் காணப்படும் ஆண்டு பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டாகவே இருக்கும் என்பதால், டிஸ்காக்ஸ் போன்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் முதல் இசைத்தட்டைத் தேடிச் சரிபார்ப்பது நல்லது. இதைவிடப் பெரிய பொறி, பாடகரே பிற்காலத்தில் மறுபடி பாடிய பதிவு. ஜமைக்கப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கர் 1960-களின் இறுதியில் புகழ்பெறச் செய்த 'இஸ்ரேலைட்ஸ்' பாட்டை 1980-இல் மீண்டும் பதிவு செய்தார். பெயரை மட்டும் பார்த்து அனுப்புபவர் எதை அனுப்புகிறோம் என்று அறியாமலே அனுப்பிவிடுவார். ஆகவே முழுப் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அரிய பாட்டு என்ற அடைமொழியைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஃபிராங்க் வில்சன் 1965-இல் பதிவு செய்த 'டூ ஐ லவ் யூ' இசைத்தட்டின் அசல் பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009-இல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஆனால் அந்தப் பாட்டை இன்று யாரும் நொடியில் கேட்கலாம். அரியது தட்டுதானே தவிரப் பாட்டு அல்ல. ஒரு காலத்தில் வட இங்கிலாந்தில் அரிய அமெரிக்க சோல் பாட்டுகளுக்கு ஆடிய 'வடக்கத்திய சோல்' நடன அரங்குகளில் இதே பாட்டை எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் ஒலிபரப்பினார்கள். போட்டியாளர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே காரணம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெரிய ஒலிபெருக்கிகள் வைத்து நடன விருந்து நடத்திய சவுண்ட் சிஸ்டம் உரிமையாளர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளின் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்ததும் இதற்காகத்தான். அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். உண்மையிலேயே எங்கும் கிடைக்காத பாட்டு உங்களிடம் இசைத்தட்டாக இருந்தால், தட்டின் இரு பக்கங்களிலும் உள்ள பெயர்ச்சீட்டுகளைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். மறுபதிப்பு விற்பனையில் இருந்தால் கோப்பை அனுப்பாமல், வாங்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஒரு ஜோடியை அனுப்பிய பின் பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பக் கூடாது, ஏனென்றால் அடுத்த ஜோடியை அந்தப் பதில்தான் தீர்மானிக்க வேண்டும். வேகம் பிடித்தது என்று சொன்னவருக்கு பிரின்ஸ் பஸ்டரின் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' பாட்டையும் மேட்னஸ் குழு 1979-இல் வாசித்ததையும் அனுப்பலாம். டிராம்போன் பிடித்தது என்றால், ரீக்கோவுக்குக் கிங்ஸ்டனின் ஆல்ஃபா பள்ளியில் அந்தக் கருவியைச் சொல்லிக்கொடுத்த டான் டிரம்மண்ட் வாசித்த, ஸ்காட்டலைட்ஸ் என்ற ஸ்கா குழுவின் பதிவுகளுக்குப் போகலாம்.