இராமேஸ்வரத்தில் கலாம் வீட்டைப் பார்ப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

இராமநாதபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேலை நிரந்தரம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இராமேஸ்வரம் கூட்டிப்போக வேண்டும். கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கலாம் வீட்டை ஒழுங்காகப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று தடவை ஆனது. முதல் தடவை தப்பான இடத்துக்குப் போனேன். இரண்டாம் தடவை சரியான இடத்துக்குப் போயும் எதையும் பார்க்காமல் திரும்பினேன். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. அதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

கோயில் தரிசனம், இருபத்திரண்டு தீர்த்தம் பற்றியெல்லாம் இங்கே சொல்லவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

படி 1: எந்த இடம் என்று முதலில் தெளிவாகுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இராமேஸ்வரம் தீவில் கலாம் பெயரில் மக்கள் போய்ப் பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பேக்கரும்பு. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து இறந்தாரே, அதன்பின் ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்தது அங்கேதான். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. அங்கே பெரிய நினைவிடம் கட்டி, 2017 ஜூலை 27 அன்று பிரதமர் திறந்துவைத்தார். தங்கச்சிமடம் தாண்டி, இராமேஸ்வரம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, நெடுஞ்சாலை ஓரத்தில் வரும்.

இன்னொன்று அவர் வளர்ந்த வீடு. அது ஊருக்குள், கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. மசூதித் தெரு என்றும் சொல்வார்கள்.

ஆட்டோக்காரரிடம் "கலாமைப் பாக்கணும்ணே" என்றால் போதும், நேராகப் பேக்கரும்புக்கு விட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை. வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். கரூரிலிருந்து வந்த அத்தையை நான் அப்படித்தான் அங்கே கூட்டிப்போனேன். நினைவிடத்தைச் சுற்றிப் பார்த்தோம், சமாதியில் கும்பிட்டோம், பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம். ராத்திரி சாப்பிடும்போது அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, அவரு சின்னப் பிள்ளையா ஓடி விளையாண்ட வீட்டைக் காட்டவே இல்லையே?" எனக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டுவலியோடு அத்தனை தூரம் வந்தவர். மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதனால் வண்டி ஏறும்போதே "பள்ளிவாசல் தெரு, கலாம் ஐயா வீடு, பேக்கரும்பு இல்லை" என்று முழுசாகச் சொல்லுங்கள். செல்போன் வரைபடத்திலும் கலாம் என்று மட்டும் அடிக்காதீர்கள். தெருப் பெயரையும் சேர்த்து அடியுங்கள்.

படி 2: ஊர் போய்ச் சேருவது

இராமநாதபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாகப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் பேருந்துதான் பிடிக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே காரை வேண்டாம் என்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதுரை வரை வந்துவிட்டால் மிச்சம் சுலபம்.

(திருத்தம்: இதை நான் முதலில் எழுதியபோது பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள், ரயில் மண்டபத்தோடு நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறந்தாகிவிட்டது. இப்போது ரயிலிலேயே இராமேஸ்வரம் வரை வரலாம். மண்டபத்தில் இறங்குங்கள் என்று நான் முன்பு எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.)

இராமநாதபுரத்தில் பேருந்து மாற நேரம் இருந்தால் ஷ்வார்ட்ஸ் பள்ளியை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கலாம் உயர்நிலைப் படிப்பு படித்தது அங்கே. இன்றும் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது, அதனால் உள்ளே நுழைய வேண்டாம்.

படி 3: கையில் என்ன வேண்டும்

கழற்றி மாட்ட வசதியான செருப்பு. லேஸ் கட்டுகிற ஷூ வேண்டவே வேண்டாம். தண்ணீர்ப் புட்டி, பெரியதாகவே. வெயிலுக்கு நான் தொப்பியைவிடக் குடையைத்தான் நம்புவேன். கடற்காற்றில் தொப்பி நிற்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பிள்ளைகள் வந்தால் ஆளுக்கொன்று. படம் எடுப்பதைவிட எழுதிக்கொண்டால் மனதில் நிற்கிறது. இது என் அனுபவம்.

தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு நேராக வந்துவிடாதீர்கள். உடை மாற்றிக்கொண்டு வாருங்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு.

படி 4: வீட்டுக்குள்

இங்கேதான் இரண்டாம் தடவை ஏமாந்தேன். ஓட்டு வீடு, மண் சுவர், மூலையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு என்று மனதில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன். போனால் கடைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. குறுகலான தெரு, வாசலில் கூட்டம். படியேறினேன், கண்ணாடிக்குள் இருந்த விருதுகளைப் பார்த்தேன், கால்மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். "இவ்வளவுதானா?" என்று தோன்றியது.

தப்பு என்னுடையது. அவர் குடும்பம் ஒன்றும் குடிசையில் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பெரிய வீடு என்றுதான் அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். அப்பா ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர், தொழுகை நடத்தியவர். அம்மா ஆஷியம்மாள் தினமும் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று கணக்கு இல்லை, வீட்டாரைவிட வெளியாள் அதிகம் சாப்பிட்ட வீடு அது. வறுமை என்று நாம் கேட்டுப் பழகிய கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியேறுங்கள். எளிமை வேறு, இல்லாமை வேறு. பிறகு குடும்பத்துக்குக் கஷ்ட காலம் வந்தது உண்மை. யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போன படகு ஒரு புயலில் போனது. சென்னையில் பொறியியல் சேரக் கட்டணம் இல்லாமல், அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

காலம் போகப்போக வீடு எடுத்துக் கட்டி மாடி ஏறிவிட்டது. காட்சிக்கூடம் மாடியில். புகைப்படங்கள், பட்டங்கள், பத்ம பூஷண் (1981), பத்ம விபூஷண் (1990), பாரத ரத்னா (1997) என்று ஒரு வாழ்க்கையை வரிசையாகப் பார்க்கலாம். அதற்கும் மேலே சங்கு, சிப்பிப் பொருள் விற்கிற கடை. படம் எடுக்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறிய அறைகள்தான், பின்னால் வரிசை தள்ளும். நான் செய்வது இது: கூட்டத்தோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு, இளவயதுப் படங்கள் இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப வந்து நிற்பேன். குடியரசுத் தலைவர் படங்களை எங்கும் பார்க்கலாம். இவற்றை அந்தக் கூரையின் கீழ் பார்ப்பதுதான் விசேஷம்.

படி 5: வெளியே வந்து நடங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் வீட்டைப் பார்த்த கணக்கில்லை என்று அடித்துச் சொல்வேன். வீடு மாறிவிட்டது, ஆனால் அது நிற்கிற இடம் மாறவில்லை. அவர் சொன்ன பல விஷயங்கள் அந்த வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் நடந்திருக்கின்றன. ஆட்டோவை அனுப்பிவிடுங்கள்.

முதலில் தெருவிலேயே நில்லுங்கள். 1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயது ஆகப்போகிற நேரம். என்ன காரணமோ திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. பையன் கொட்டை பொறுக்கி, இதே தெருவில் இருந்த ஒரு மளிகைக் கடையில் விற்பான். ஒரு நாள் பொறுக்கியதற்கு ஒரு அணா. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. மூன்றாம் தடவை என் அக்கா மகனைக் கூட்டிப்போய் இதைச் சொன்னேன். அவன் தெருவில் இருந்த ஒவ்வொரு கடையையும் காட்டி "இதுவா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மாடியில் விருதுகளைப் பார்த்தபோது அவன் வாயே திறக்கவில்லை.

அடுத்து பள்ளிவாசல். அப்பா சின்னப் பையனை மாலைத் தொழுகைக்குக் கூட்டிப்போவார். தொழுகை முடிந்து வெளியே வந்தால், பல மதத்தவரும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓதிக் கொடுப்பார். நோயாளிக்கென்று வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வாசலுக்கு எதிரே ஒதுங்கி நின்று பாருங்கள், தொழ வருகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

அங்கிருந்து கோயிலுக்கு. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை என்று கலாம் எழுதியிருக்கிறார். இன்றைய கூட்டத்தில் கொஞ்சம் கூடலாம். கோயிலின் தலைமை குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய அப்பாவுக்கு நெருங்கிய நண்பர். இரண்டு பேரும் அவரவர் உடையில் உட்கார்ந்து ஆன்மிகம் பேசியதுதான் தன் ஞாபகத்தில் பளிச்சென்று இருப்பவற்றில் ஒன்று என்கிறார். அந்தப் பத்து நிமிடத்தை நடக்கும்போது இது தானாகவே நினைவுக்கு வரும்.

பிறகு ராமர் தீர்த்தம். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். சீதா கல்யாண உற்சவத்தில் சாமியைக் கோயிலிலிருந்து இந்தக் குளத்தின் நடுவே கொண்டுபோகத் தனி மேடை வைத்த படகுகளை ஏற்பாடு செய்தது கலாமின் குடும்பம். குளக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். பிள்ளைகளிடம் நோட்டில் அந்தப் படகை வரையச் சொல்லுங்கள்.

கால் ஒத்துழைத்தால் கடைசியாக ரயில் நிலையம். போர்க்காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானது. இங்கிருந்து தனுஷ்கோடி போகிற வழியில், ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். ஊருக்குப் பத்திரிகை போட்ட உறவுக்கார அண்ணன் சம்சுதீனுக்குக் கட்டுப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். கலாமின் முதல் சம்பளம் அதுதான். அந்தத் தண்டவாளம் இன்று இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு போய்விட்டது. பாதை இந்த நிலையத்தோடு முடிகிறது. முடிகிற இடத்தில் நின்று தென்கிழக்கே பார்த்தால் போதும்.

படி 6: பேக்கரும்பு

ஊர் திரும்பும் வழியில் வையுங்கள், போகும்போது வேண்டாம். வீட்டைப் பார்த்துவிட்டு நினைவிடத்துக்குப் போனால் அங்கே வீணையோடு உட்கார்ந்திருக்கும் சிலையும், ஏவுகணை மாதிரியும் வேறு மாதிரி தெரிகின்றன. வரிசையை மாற்றினால் நான் முதல் தடவை செய்ததுபோல வீட்டை மறந்துவிட்டு ஊர் வந்து சேருவீர்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் சொன்ன பிறகு சேர்த்தவை.

வெள்ளிக்கிழமை மதியம் போய் மாட்டிக்கொண்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஜும்ஆ தொழுகை நேரம், தெரு நிறைந்திருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். அவருடைய நினைவு நாளான ஜூலை 27, பிறந்த நாளான அக்டோபர் 15 இரண்டு நாளும் கூட்டம் தாங்காது. சும்மா பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் வரலாம்.

மாடியேற முடியாத பெரியவர்களை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். படிதான், வேறு வழியில்லை. ஆனால் படி 5-க்கு மாடியே வேண்டாம். போன மாதம் அத்தை மறுபடி வந்தார். நாங்கள் மேலே போய் வரும் வரை கீழே ஒரு கடைக்காரர் முக்காலி போட்டுக் கொடுத்தார். "எங்கேருந்தும்மா வர்றீங்க?" என்று பாய் பேச்சுக் கொடுக்க, இறங்கி வந்தபோது இரண்டு பேரும் புளியம்பழ விலையில் இருந்தார்கள். பிறகு அத்தையை மெதுவாக ராமர் தீர்த்தம் வரை நடத்திக் கூட்டிப்போனோம். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நீங்களும் பெரியவர்களோடு வந்தால் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, கடைசிப் பேருந்தை நம்பாமல் வெளிச்சம் இருக்கும்போதே பேக்கரும்புக்குக் கிளம்புங்கள்.