முந்திரித் தோப்பு விழுந்த பிறகு ஜெபிப்பது எப்படி?

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மதியம் போய்ப் பார்த்தால், அப்பா நட்ட முந்திரி எல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. வேரில் செம்மண் ஈரம் காயவில்லை. அன்று ராத்திரி எனக்கு ஜெபமே வரவில்லை. அப்புறம் மெல்லக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எடுத்தவுடன் ஸ்தோத்திரம் சொல்ல அவசரப்படாதீர்கள். வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் 3:17-18 எடுங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று போனதையெல்லாம் பேர் சொல்லி எண்ணிவிட்டுத்தான் அவர் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். நீங்களும் எழுதுங்கள். நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: முந்திரி, கூரை ஓடு, கடன், மகள் கல்யாணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தேன். கோபம் வந்தது. வரட்டும். நாக்கு எழாத நாளுக்கு சங்கீதம் 13 போதும், ஆறே வசனம்.

'பாவத்தின் பலன்' என்று யாராவது ஆரம்பித்தால் காதில் போடாதீர்கள். வேதாகமத்தில் எல்லாம் இழந்து நின்ற யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் பேசிய பேச்சு அது. கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். (பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் வேண்டாம் என்றது வெறும் வீம்பு.)

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போங்கள். பாட வராவிட்டால் கடைசி பெஞ்சில் சும்மா உட்காருங்கள், மற்றவர்கள் பாடுவார்கள்.