வலைக்குடை செய்வது எப்படி?

மழையைத் தடுக்காத குடை, பிடித்த கையிலேயே ஊற்றும் கேத்தல். இப்படி எதற்கும் உதவாத பொருள்களைச் செய்வது அருமையான கலை. பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் கரெல்மான் 1969இல் இவற்றுக்கென்றே, கடை விலைப்பட்டியல் போல ஒரு நூல் வெளியிட்டார். பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் இருக்கும் அவருடைய கோப்பிப் பாத்திரம் இன்றும் பேர்போனது. உற்றுப் பாருங்கள், அவர் மாற்றியது ஒரேயொரு இடத்தைத்தான். மற்றபடி அது நல்ல கோப்பிப் பாத்திரம். இரண்டு மூன்று இடத்தில் கை வைத்தால் உடைந்த சாமான் போலத்தான் தெரியும்.

திருகோணமலைக்காரருக்குத் தொடங்க வசதியானது வலைக்குடை, அதாவது துணிக்குப் பதிலாக மீன்வலை கட்டிய குடை. துணி கிழிந்த நீளக் குடை ஒன்றை எடுங்கள். மடக்குக் குடை முதல் முயற்சிக்கு வேண்டாம். டச் பே பக்கம் வலை பொத்துபவர்களிடம் கேட்டால் கழித்த நைலோன் வலைத்துண்டு கிடைக்கும். கேட்காமல் எடுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் காயவையுங்கள், உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும்.

முதலில் உச்சிக் குமிழைக் கழற்றி, கம்பி நுனிகளில் உள்ள தையலை பிளேட்டால் அறுத்துத் துணியை எடுங்கள். கம்பியின் நடுவிலும் தையல் இருக்கும், மறக்க வேண்டாம்.

இனிக் கட்டுவது. பொறுமை வேண்டிய இடம் இது. குடையை விரித்து, வலையை மேலே போட்டு, உச்சியில் குமிழை இறுக்குங்கள். பிறகு ஒரு நுனியைக் கட்டினால், அடுத்ததாக அதற்கு நேரெதிர் நுனியைக் கட்டுங்கள். வரிசையாகச் சுற்றி வந்தால் வலை ஒரு பக்கம் இழுபட்டுக் குடை கோணிவிடும். நுனியில் உள்ள ஓட்டைக்குள் தங்கூசியை, அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழையை விட்டு, வலைக்கண் இரண்டைச் சேர்த்துப் பிடித்து முடியுங்கள். ஒரு கண் மட்டும் என்றால் அறுந்துவிடும். எட்டு நுனியும் முடிந்த பிறகுதான் ஓரத்தை வெட்ட வேண்டும்.

சரி, இப்போது சுருக்கி விரித்துப் பாருங்கள். வலை தொய்ந்தால் ஸ்பிரிங்கில் மாட்டும், கூடுதலாக இறுகினால் கம்பி வளையும். புதுக்குடை போல 'டக்' என்று விரியும் வரை முடிச்சுகளைத் திருத்துங்கள். குடை எவ்வளவு ஒழுங்காக விரிகிறதோ, அவ்வளவுக்குச் சிரிப்பு வரும்.

படம் எடுக்க நவம்பர், டிசம்பர் மாரி மழைதான் பொருத்தம். பிடித்து நிற்பவர் மட்டும் சிரிக்கக் கூடாது; பஸ்ஸுக்கு நிற்பவர் போல நிற்கட்டும்.