‘நான் எடுத்தேன்’ என்று சொல்வது எப்படி

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஆறு வருடம் நான்தான் பொருளாளர். வீடுவீடாகச் சேரும் கைப்பிடி அரிசியை மாதக் கடைசியில் விற்று, அந்தப் பணத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் பீரோவில் வைப்பேன். ஒரு ஜூன் மாதம், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். கையில் 4,500 ரூபாய் பற்றாக்குறை. டப்பாவிலிருந்து எடுத்தேன். வாழைத்தார் வெட்டினதும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன், வைக்கவில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையின் செலவுக்குக் கணக்குப் பார்த்தபோது, செயலாளரிடம், “எங்கேயோ இடிக்குது அக்கா, கொஞ்சம் குறையுது” என்றேன்.

அந்தக் ‘குறையுது’விலிருந்து ‘நான் எடுத்தேன்’ வரைக்கும் வந்து சேர எனக்கு ஐந்து மாதம் ஆனது. இன்றைக்கு அதே இடத்தில் நிற்கிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாயில் வருகிற வினைச்சொல்லைக் கவனியுங்கள். உடைஞ்சிருச்சு, தவறிப்போச்சு, நடந்துருச்சு, குறையுது. செய்தவரே இல்லாமல் ஒரு காரியத்தை முழுக்கச் சொல்லிவிட நம் மொழியில் முடியும். யாத்திராகமம் 32-ல் மோசேயின் அண்ணன் ஆரோன் இதைத்தான் செய்கிறான். 4-ஆம் வசனத்தில் அவனே பொன்னை வாங்கி, சிற்பக்கருவியைப் பிடித்து, ஜனங்கள் கும்பிட ஒரு கன்றுக்குட்டியை உருவாக்குகிறான். மோசே கேட்டதும் 24-ஆம் வசனத்தில், பொன்னை “அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது” என்கிறான். செய்தேன் இல்லை, வந்தது! என் ‘குறையுது’வும் அந்த ‘வந்தது’வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு ராத்திரி இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது புரிந்தது. வேதத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, நடந்ததை நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். சாக்குகளையும் விட வேண்டாம். நான் எழுதியது இது: “என் வீட்டுக்காரர்தான், எடுத்துக்கோ, அப்புறம் வச்சுக்கலாம்னு சொன்னார். கல்லூரியில் ஒரு நாள்கூடத் தவணை தரவில்லை. சங்கத்தில் யாரும் டப்பாவைத் திறந்து பார்த்ததே கிடையாது. நான் எடுத்தேன்.”

இப்போது ஆதியாகமம் 3-ஐத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஆதாம், “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்” என்று தொடங்குகிறான். மனைவியை மட்டுமல்ல, அவளைத் தந்த தேவனையும் சேர்த்துக் கைகாட்டுகிறான். ஏவாள் சர்ப்பத்தைக் காட்டுகிறாள். ஆனால் இரண்டு பேருடைய பேச்சும் கடைசியில் முடிவது ஒரே இடத்தில்: “நான் புசித்தேன்.” உண்மை அந்த இரண்டு சொல்தான். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். என் நோட்டில் எழுதியதும் ஒவ்வொரு வரியும் நிஜம். ஆனாலும் யாரும் என் கையைப் பிடித்து டப்பாவுக்குள் விடவில்லை. அவனவன் தன் சொந்த இச்சையினால்தான் இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்கிறது. ஆகவே ‘நான்’ என்ற சொல்லுக்கு முன்னால் உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியது.

இந்த இடத்தில் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனின் குற்றத்தை, “நீதான் அவன் கோபத்தைக் கிளப்பினாய்” என்று மனைவி தலையில் கட்டுகிறவர்கள் சபைக்குள்ளும் உண்டு. அதே யாக்கோபு 1:14 அவனுக்கும்தான் எழுதியிருக்கிறது. அவனுடைய இச்சை அவனுடையது. அதை நீங்கள் அறிக்கையிட வேண்டாம். உங்கள் கை செய்ததை மட்டும் சொல்லுங்கள்.

சரி, யாரிடம் சொல்வது? ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, போதும் என்று நானும் இருந்தேன். ஞாயிறுதோறும் ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை வாசிக்கும்போது ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன். மத்தேயு 5:23, 24 என்னை விடவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன்பு வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. நேரில் போங்கள், போனில் வேண்டாம். தொகையைச் சொல்லுங்கள். ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கிற ஒரு வரியும் வேண்டாம். நான் செயலாளர் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: “அக்கா, கணக்கு குறையலை. ஜூன் மாசம் நான் 4,500 ரூபாய் எடுத்தேன். உங்ககிட்ட பொய்யும் சொன்னேன்.” அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயரிடமும் கமிட்டியிடமும் சொல்லும்போது அக்காவே கூட வந்தார்கள்.

கையோடு பணத்தைக் கொண்டுபோவது நல்லது. எண்ணாகமம் 5:7, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 4,500-க்கு 900. கம்மலை அடகு வைத்து 5,400 கொடுத்தேன். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். எனக்கு அவ்வளவு முடியவில்லை. உங்களால் மொத்தமாக முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தேதி தவறாமல் கட்டுங்கள்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க” என்று யாரையும் நெருக்காதீர்கள். சங்கத்தில் ஒரு அக்கா ஏறக்குறைய ஒரு வருடம் என் முகம் பார்க்கவில்லை. அது அவர்கள் உரிமை. பொறுப்பை எடுத்துவிட்டார்கள், சரி என்று கொடுத்தேன். வீட்டில் இன்னொரு கடனும் இருந்தது. அந்த ஐந்து மாதமும் சண்டை வரும்போதெல்லாம், “உங்களாலதான்” என்று என் கணவரைக் குத்திக்கொண்டே இருந்தேன். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பங்கை அவரே ஒருநாள் ஐயரிடம் போய்ச் சொன்னார். நான் சொல்லி அவர் போகவில்லை.

கடைசியாக, அந்த டப்பா. எஜமானின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது, யோசேப்பு அந்த வீட்டுக்குள் நின்று தன் பலத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். இப்போது எங்கள் சங்கத்தில் அரிசி விற்ற பணத்தை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிடுகிறார்கள். அரிசி சேர்க்க நான் இன்னும் எங்கள் தெருவுக்குப் போகிறேன். அளந்து, நோட்டில் குறித்து, அக்கா வீட்டில் இறக்கிவிட்டு வருகிறேன்.