சர்க்கரை நோயாளியின் சைனஸ் ஸ்கேனில் கறுப்புப் பூஞ்சையைத் தேடும் முறை

ரேடியாலஜி பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கானது இது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், அதிலும் கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை மிகுந்து ரத்தம் அமிலமாகும் நிலை) வந்தவர், ஒரு பக்க முகவலி, கன்னத்தில் மரமரப்பு, இமை வீக்கம், இரட்டைப் பார்வை என்று வந்தால், அந்த ஸ்கேனை உடனே பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கறுப்புப் பூஞ்சை எனப்படும் மியூகார் பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து வளர்ந்து அதை அடைத்துவிடும். ரத்தம் போகாத திசு செத்துப்போகும். குழாய்களையும் நரம்புகளையும் ஒட்டியே பரவுவதால், எலும்பு அப்படியே இருக்கும்போதே அது சைனஸைத் தாண்டியிருக்கலாம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: எலும்பு அரிப்பைத் தேடிவிட்டு, அது இல்லையென்றதும் சாதாரண சைனசைட்டிஸ் என்று எழுதிவிடுகிறார்கள்.

படி 1: சி.டி.
1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகள். எலும்பைத் தெளிவாகக் காட்டும் எலும்பு விண்டோ, மென்திசுவைக் காட்டும் மென்திசு விண்டோ இரண்டும் வேண்டும். சளிச்சவ்வுத் தடிப்பு எந்த சைனசைட்டிஸிலும் இருக்கும், அதில் நேரம் போக்க வேண்டாம். மேல்தாடை சைனஸின் பின்சுவருக்குப் பின்னால் உள்ள கொழுப்பை இடம் வலம் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாம்பல் இழைகள் ஓடிக் கலங்கியிருந்தால் அது தொடக்க அடையாளம். அப்படியே மேல்தாடை சைனஸுக்குப் பின்னால் உள்ள டெரிகோபாலட்டைன் குழிக்குப் போங்கள். அங்கிருந்து கண்குழிக்கும் மண்டையோட்டுக்குள்ளும் வழி இருக்கிறது.

படி 2: காண்ட்ராஸ்டுக்கு முன்
சிறுநீரகச் செயல்பாட்டைப் பாருங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே இருந்து, சி.டி.க்கு அயோடின் காண்ட்ராஸ்ட் (படத்தில் திசுக்கள் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) கொடுத்தால், சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மறுபடி சோதித்த பிறகே தொடங்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கான காண்ட்ராஸ்டில் மேக்ரோசைக்ளிக் வகை கடோலினியம் நல்லது.

படி 3: எம்.ஆர்.ஐ.
கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிய டி1 (எம்.ஆர்.ஐ. பட வகைகளில் ஒன்று; டி2 இன்னொன்று) படங்களைக் காண்ட்ராஸ்டுக்குப் பின் எடுங்கள். மூக்கின் டர்பினேட் (மூக்குக்குள் சுருண்டிருக்கும் மடிப்பு) காண்ட்ராஸ்டால் ஒளிராமல் கறுப்பாக நின்றால் திசு செத்திருக்கலாம். ஆனால் நோயில்லாத டர்பினேட்டும் சில சமயம் தாமதமாகத்தான் ஒளிரும். சந்தேகம் வந்தால் சில நிமிடம் கழித்து இன்னொரு தொடர் எடுத்துப் பாருங்கள். டி2-இல் பூஞ்சை கறுப்பாகத் தெரிந்து காற்றைப்போல ஏமாற்றும். சி.டி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தப்பலாம். காற்றுள்ள சைனஸ் ஓரங்களில் கொழுப்பு அடக்கம் சரியாக வேலை செய்யாமல் போலி வெள்ளை வரும். கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்ஸன் முறையில் இது குறைவு.

படி 4: பரவல்
கண்ணின் உள்பக்கத் தசை தடித்திருக்கிறதா, மூளையடியில் உள்ள சிரைக் குழியான கேவர்னஸ் சைனஸ் ஒளிராமல் இருக்கிறதா, உள் கரோட்டிட் தமனி சுருங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். நீர் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தைப் பார்வை நரம்புக்கும் மூளைக்கும் சேர்த்தே படிக்க வேண்டும். நரம்பு அதில் வெள்ளையாகவும், அதிலிருந்து கணக்கிடும் ஏ.டி.சி. வரைபடத்தில் கறுப்பாகவும் இருந்தால் இன்ஃபார்க்ட் (ரத்தம் போகாமல் திசு செத்தது).

படி 5: அறிக்கை
ஒளிராத பகுதிகளை இடம் குறித்து எழுதுங்கள்; பயாப்ஸிக்கும் அறுவைக்கும் அதுதான் வரைபடம். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவச் சந்தேகம் பலமாக இருந்தால் எண்டோஸ்கோபியும் பயாப்ஸியும் தள்ளிப்போகக் கூடாது. பூஞ்சைக்கான மருந்தான ஆம்ஃபோடெரிசின் பி தொடங்க எம்.ஆர்.ஐ. முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.