எல்லாருக்கும் புரிகிற மாதிரி ஒரு டோக்கன் செயலி செய்வது எப்படி?

ஒரு சின்ன கிளினிக். ஒரே டாக்டர், வரவேற்பில் ஒரு அக்கா, காலையும் மாலையும் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். "போனிலேயே டோக்கன் எடுக்கிற மாதிரி ஒன்று செய்து கொடுங்கள்" என்று உங்களிடம் கேட்கிறார்கள். நீங்கள் மூன்று பேர், இப்போதுதான் வெப் டெவலப்மெண்ட் படித்து முடித்தவர்கள். ஆறு வாரம் அவகாசம். எதை எப்போது செய்வது என்று இந்த ஒரு வேலையை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ஓடுகிற செயலி வேறு, மக்கள் பயன்படுத்த முடிகிற செயலி வேறு. ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: வந்தவரால் வேலையை முடிக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் சிரமமும் ஆனது, முடித்தபோது அவருக்குத் திருப்தியா. மூன்றுமே யார், எந்த இடத்தில், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தவை. அதனால் முதல் வேலை கோட் எழுதுவது அல்ல.

படி 1: கிளினிக்கில் போய் உட்காருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு காலை, ஒரு மாலை. யார் போன் செய்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், வரவேற்பு அக்கா நோட்டில் என்ன எழுதுகிறார் என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இப்படி உட்கார்ந்த ஒரு இடத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. டோக்கன் கேட்டவர்களில் பலர் நோயாளிகளே இல்லை. மகள் அப்பாவுக்கு எடுக்கிறார், பாட்டிக்குப் பேரன் எடுக்கிறான். அதாவது ஒரே போன் எண்ணில் நான்கு நோயாளிகள் இருப்பார்கள். இது தெரியாமல் டேட்டாபேஸில் "ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்" என்று கட்டிவிட்டால், அந்த வீட்டின் இரண்டாவது ஆளுக்கு டோக்கனே கிடைக்காது. பிறகு மாற்றுவது பெரிய வேலை. இரண்டாவது, அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "டோக்கன் இருக்கா?" இல்லை, "இப்ப எந்த நம்பர் ஓடுது?" என்பதுதான். அந்த ஒரு எண்ணை முதல் திரையிலேயே பெரிதாகக் காட்டினால் பாதி அழைப்புகளுக்குத் தேவையே இருக்காது என்று அப்போதே தோன்றியது.

படி 2: மூன்று வேலைகளை வாக்கியமாக எழுதுங்கள்

"புதிதாக வருகிறவர், யாரையும் கேட்காமல், இரண்டு நிமிடத்துக்குள் நாளைக் காலைக்கு ஒரு டோக்கன் எடுக்க வேண்டும்." இப்படி எழுதினால்தான் பிறகு அளக்க முடியும். டோக்கனை ரத்து செய்வது, இப்போது ஓடும் எண்ணைப் பார்ப்பது ஆகிய இரண்டுக்கும் இதே மாதிரி எழுதுங்கள். யாராவது "ரிப்போர்ட் பதிவேற்றும் வசதியும் போடலாமே" என்றால், இந்த மூன்றும் தேறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: தாளில் திரை வரையுங்கள்

போன் அளவுக்கு வெட்டிய தாள், ஒரு திரைக்கு ஒன்று. வரவேற்பு அக்காவிடமே கொடுத்து விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாளைக் கிழித்துப் போட மனம் வரும். எழுதி முடித்த கோட் வரிகளை அழிக்க யாருக்கும் மனம் வராது.

படி 4: படிவம்

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். தொடக்கநிலைச் செயலிகள் பெரும்பாலும் படிவத்தில்தான் ஆட்களை இழக்கின்றன.

பெயருக்கு ஒரே ஒரு பெட்டி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டும் கட்டாயம் என்று வைக்காதீர்கள். நம் ஊரில் இன்ஷியலும் பெயரும்தான். நான் முன்பு செய்த ஒரு படிவத்தில் ஒரு அம்மா கடைசிப் பெயரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே போனை மேசையில் வைத்துவிட்டார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். "கிருஷ்ணமூர்த்தி" நம் கண்ணுக்கு 8 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் அது 15 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 45 பைட். பெட்டிக்கு வைக்கும் அதிகபட்ச நீள வரம்பு இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. 20 என்று வைத்தால் இன்ஷியலோடு கொஞ்சம் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். தாராளமாக 100 வைத்துவிடுங்கள்.

போன் எண்ணுக்கு டெல் (tel) வகை இன்புட்டைப் பயன்படுத்துங்கள். எண் விசைப்பலகை தானாக வரும். நம்பர் வகை வேண்டாம், அது கணக்குப் போடும் எண்களுக்கானது. மக்கள் நடுவில் இடைவெளி விடுவார்கள், முன்னால் 0 போடுவார்கள், +91 சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு சர்வரில் சுத்தம் செய்யுங்கள். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காப்பி செய்து ஒட்டும்போது சிக்கல் தரும். ஒரே பெட்டி போதும்.

பெட்டிக்குள்ளேயே மங்கலாக "பெயர்" என்று எழுதிவிட்டு லேபிளை விட்டுவிடாதீர்கள். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், எதை நிரப்புகிறோம் என்பது மறந்துபோகும். லேபிள் பெட்டிக்கு மேலே, எப்போதும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பெட்டியில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் திரை தானாகப் பெரிதாகி நகர்ந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழைச் செய்தி: "தவறான உள்ளீடு" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "போன் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்" என்று அந்தப் பெட்டியின் அருகிலேயே எழுதுங்கள். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடவே கூடாது.

நிறம், அளவு விஷயத்தில், இணையத்தளங்களை எல்லாரும் பயன்படுத்த முடிவதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 சொல்வதைப் பின்பற்றினால் போதும்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல். முதியவர்கள் தொடும் பட்டன் என்பதால் நான் 44க்குக் குறைந்து வைக்க மாட்டேன்.

படி 5: மெதுவான நெட்டில் ஓட்டிப் பாருங்கள்

குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 3ஜி வேகத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு டோக்கன் பதிவு செய்து பாருங்கள். பட்டனைத் தொட்ட பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மனிதர் என்ன செய்வார்? மறுபடி தொடுவார். இரண்டு டோக்கன் விழும். ஒரு நொடிக்கு மேல் ஆனால் மனிதரின் எண்ண ஓட்டம் தடைபடத் தொடங்கும், பத்து நொடியைத் தாண்டினால் கவனமே வேறு பக்கம் போய்விடும் என்பது இந்தத் துறையில் பல காலமாகப் புழங்கும் அளவுகோல். அதனால் தொட்டவுடன் பட்டனில் "பதிவாகிறது…" என்று மாற்றுங்கள். அது மட்டும் போதாது. படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை அதோடு சேர்த்து, அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புது டோக்கன் போடாமல் பழைய டோக்கனையே திருப்பித் தர வேண்டும்.

படி 6: ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்

ஒரு சோதனைச் சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று, பயன்பாட்டு எளிமை பற்றி ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்ற கணக்குப்படி ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே நாளில் வைக்காமல் மூன்று சுற்றாகப் பிரியுங்கள், நடுவில் திருத்துங்கள் என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமான பகுதி. நண்பர்களை அல்ல, கிளினிக்குக்கு வருகிறவர்களைக் கூப்பிடுங்கள்.

"அம்மா, நாளைக்குக் காலைல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு டோக்கன் எடுத்துக் காட்டுறீங்களா? எங்கயாவது புரியலைன்னா அது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம். "அந்தப் பச்சைப் பட்டனை அமுக்குங்க" என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னால் அந்தச் சோதனை வீண். ஒருவர் கவனிக்கட்டும், இன்னொருவர் எழுதட்டும்.

படி 7: கண்டதை வேலைப் பட்டியலில் ஏற்றுங்கள்

பார்த்ததை யாரும் திருத்தவில்லை என்றால் உட்கார்ந்து பார்த்ததில் பயனில்லை. ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் கொடுங்கள்: 4 என்றால் வேலையை முடிக்கவே முடியவில்லை, 1 என்றால் வெறும் தோற்றக் குறை. 4 இருக்கும்வரை அந்த வாரம் புது வசதி எதையும் தொடக் கூடாது. இதைக் குழுவில் முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள், நான்காம் வாரம் பேசினால் சண்டை வரும்.

ஆறு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் வாரம் கிளினிக்கும் தாளும், அடுத்த நான்கு வாரம் கட்டுவது, கடைசி வாரம் திருத்தம் மட்டும். நடுவில் உள்ள நான்கு வாரமும் வியாழக்கிழமை மாலை ஒருவராவது வந்து பயன்படுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாம் வார முடிவிலும் ஐந்தாம் வார முடிவிலும் ஐந்து பேர் சுற்று. ஒரு வேலை "முடிந்தது" என்று சொல்ல, மெதுவான நெட்டில் ஓடியிருக்க வேண்டும், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓடியிருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் கேட்காமல் முடித்திருக்க வேண்டும்.

படி 8: வெளியிட்ட பிறகு

முதல் வாரம் மாலை நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள், காலைக்குப் பழைய நோட்டே இருக்கட்டும். வரவேற்பு மேசையில் ஒரு தாளை வைத்து, "டோக்கன் எடுக்க வரல" என்று போன் வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று இரண்டு வார்த்தை எழுதிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போய் அந்தத் தாளை வாங்கி வாருங்கள். அடுத்த வாரத்து வேலைப் பட்டியலின் முதல் வரிகள் அதில் இருக்கும்.