பெட்டிக்குள் சிடி இல்லை

மருமகளின் புது லேப்டாப்புடன் ரிகவரி சிடி (விண்டோஸை மீள நிறுவும் சிடி) தரவில்லை என்று அக்கா திருகோணமலைக் கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார். இப்போது பெரும்பாலும் தருவதில்லை. டிஸ்கிலேயே மறைவான ஒரு பகுதியில் அது இருக்கும். டிஸ்க் செத்தால் அதுவும் போச்சு. அதனால் வாங்கிய கையோடு 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி, விண்டோஸ் தேடலில் ‘ரிகவரி டிரைவ்’ என்று தட்டினேன். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்ற கட்டத்தில் சரி போட வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பென் டிரைவால் விண்டோஸை மீள நிறுவ முடியாது. பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழியும். வேலை முடிய நேரமாகும், கரன்ட் போகாமல் இருந்தால் சரி.

மாரி தொடங்கியபோது டிஸ்க் படுத்துவிட்டது. புது எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, பென் டிரைவிலிருந்து ஸ்டார்ட் செய்து, ‘ரிகவர் ஃப்ரம் எ டிரைவ்’ கொடுத்தேன். விண்டோஸ் வந்தது. அவளுடைய படங்களும் அசைன்மென்ட்களும் இதில் வராது. நல்லவேளை, அவற்றை வேறொரு ஹார்ட் டிஸ்கில் பிரதியெடுத்து வைத்திருந்தாள்.